தேன்பாறை யாருக்குச் சொந்தம்?



"ஏன்?", "எப்படி?" என்று ஓயாமல் கேட்கிற பிள்ளையா நீ? அப்படியென்றால் வா, பக்கத்தில் உட்கார். உன்னோடு பேச எனக்கு நிறைய இருக்கிறது.

இன்று முதல் கேள்வியை நான் கேட்கிறேன். நடுக்காட்டில் ஒரு பெரிய பாறை. அதன் விளிம்புக்கு அடியில் தேன்கூடு தொங்குகிறது. பாறையை யாரும் செய்யவில்லை. கூட்டைக் கட்டியவை தேனீக்கள். அந்த இடத்தைக் காட்டி ஒருவர், "இது எங்கள் குடும்பத்துத் தேன்பாறை. என் தாத்தா எங்களுக்கு விட்டுப்போனது" என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? அவசரப்படாமல் யோசி. விடை தேடி நாம் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

நம் மாவட்டத்தின் மறுபக்கம்

பதுளை என்றதும் உனக்கு என்ன நினைவு வரும்? நமுனுகுல மலை. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம். சுற்றிலும் தேயிலை.

பதுளை மாவட்டம் அதோடு முடியவில்லை. பதுளை டவுனில் மகியங்கனை பஸ்ஸில் ஏறிப் பார். பஸ் இறங்க இறங்கக் குளிர் போய்விடும். தேயிலை மறையும். வெயில் ஏறும். வயலும் வறண்ட காடும் வரும். மகாவலி கங்கைக் கரையில் மகியங்கனை. அதற்குக் கிழக்கே தம்பானை என்ற ஊர். அதுவும் நம் பதுளை மாவட்டம்தான்.

தம்பானையில் வேடர்கள் வாழ்கிறார்கள். தங்களை அவர்கள் 'வன்னியல எத்தோ' என்று சொல்லிக்கொள்வார்கள். இலங்கையின் மிகப் பழைய குடிமக்கள் அவர்கள். இன்றைய தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ. அவருக்கு முன்பு தலைவராக இருந்தவர் அவருடைய தந்தை திஸாஹாமி. அந்தப் பெரியவர் 1998இல் காலமானார்.

வேடர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு, தெரியுமா? கிழக்குக் கரையில் வாகரை, மூதூர்ப் பக்கங்களில் அவர்கள் இருக்கிறார்கள்.

கதிர்காமத்துக்குப் போயிருக்கிறாயா? அதுவும் நம் ஊவா மாகாணத்தில்தான் இருக்கிறது. தினைப்புனம் காத்த வள்ளியம்மன் வேடர் வீட்டில் வளர்ந்த பெண் என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்கள். தேனும் தினைமாவும் அந்தக் கதையோடு வருகிறவை. ஆகவே வேடர்களை யாரோ என்று நினைத்துவிடாதே. நம் வீட்டுக் கதைக்குள் அவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள்.

எலும்புகள் சொன்ன செய்தி

காட்டில் வாழ்கிறவர்கள் வேட்டையாடுவார்களே, அப்போது விலங்குகள் அழிந்துபோகாதா? இது நல்ல கேள்வி. பதில் ஒரு குகைக்குள் கிடைத்தது.

களுத்துறை மாவட்டத்தில் பாகியன் குகை என்று ஒரு பெரிய குகை இருக்கிறது. ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் தின்று போட்ட எலும்புகள் மண்ணுக்குள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஓஷான் வெதகே என்ற நம் நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2019இல் முடிவை வெளியிட்டார்கள்.

எலும்புகளில் மிகுதியானவை குரங்குகளுடையவை. அணில் எலும்புகளும் இருந்தன. அவற்றில் ஒரு விஷயம் அவர்களை வியக்க வைத்தது. பெரும்பாலானவை நன்றாக வளர்ந்து முற்றிய விலங்குகளின் எலும்புகள்.

இன்னொன்றையும் பார்த்தார்கள். அடியில் உள்ள பழைய அடுக்கிலும் அதே விலங்குகள். மேலே உள்ள புதிய அடுக்கிலும் அதே விலங்குகள். பல்லாயிரம் ஆண்டுகள் வேட்டையாடியும் அந்த இனங்கள் அற்றுப்போகவில்லை.

காரணம் பிடிபடுகிறதா? குட்டியை விட்டுவிட்டால் அது வளரும். வளர்ந்து குட்டி போடும். காடு வெறுமையாகாது. விலங்கின் வாழ்க்கையை நுணுக்கமாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அப்படி வேட்டையாட முடியும்.

நாலு வகைத் தேனீ

இனித் தேனுக்கு வருவோம்.

இலங்கையில் தேன் சேர்க்கும் ஈக்கள் நாலு வகை. மரப்பொந்திலும் பானையிலும் கூடு கட்டுவது அடுக்குத்தேனீ. ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக அடுக்கி அடை வைக்கும். சின்னக் கொம்பில் ஒரே ஒரு சிறிய அடை கட்டுவது கொம்புத்தேனீ. கொட்டத் தெரியாத மிகச் சின்ன ஈ, கொசுத்தேனீ. சுவரின் ஓட்டையிலிருந்து மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே அது இருக்கிறது என்று அர்த்தம்.

நாலாவது ஈதான் எல்லாவற்றிலும் பெரியது. மலைத்தேனீ. உன் சிங்கள நண்பர்கள் பம்பரா என்பார்கள். பாறை விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே ஓர் அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். அடை ஒரு மீற்றர் அகலம்கூட இருக்கும். ஆயிரமாயிரம் ஈக்கள் அதை மூடிக்கொண்டிருக்கும்.

கூட்டுக்குக் கதவில்லை, சுவரில்லை. எதிரி வந்தால் என்ன செய்யும்? மேலே இருக்கிற ஈக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கி ஆட்டும். அலை ஒன்று கூட்டின் மேல் ஓடி மறையும். பெரிய குளவி அதைப் பார்த்து மிரண்டு விலகிவிடும். நேபாளத்தில் ஆய்வாளர்கள் இந்த அலையைப் படம் பிடித்து, 2008இல் விளக்கி எழுதினார்கள்.

பாறைக்கு உரிமை வந்த வழி

வேடர்கள் மலைத்தேன் எடுக்கும் விதத்தை 1911இல் வெளிவந்த ஒரு நூல் விவரிக்கிறது. எழுதியவர்கள் சாள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் என்ற கணவனும் மனைவியும். நம் ஊவாக் காடுகளிலும் அவர்கள் அலைந்திருக்கிறார்கள்.

காட்டுக் கொடிகளை முறுக்கி வேடர்கள் ஏணி செய்வார்கள். பாறை உச்சியில் கட்டிக் கீழே தொங்கவிடுவார்கள். ஒருவர் அந்தரத்தில் இறங்குவார். கையில் புகையும் பச்சிலைக் கட்டு. நீண்ட கம்பால் அடையை அறுத்துப் பாத்திரத்தில் வாங்கிக்கொள்வார். கொடி அறுந்தால் உயிர் போய்விடும். அதனால் எந்தக் கொடி எவ்வளவு பாரம் தாங்கும் என்ற அறிவு ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

அதே நூலில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஒவ்வொரு வேடர் கூட்டத்துக்கும் காட்டில் தனி எல்லை இருந்தது. தேன்பாறைகளுக்கு உரியவர் இருந்தார்கள். தகப்பன் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். கலியாணத்தில் மருமகனுக்கும் கொடுப்பார்.

இப்போது யோசி. ஈ பறந்து போகிற உயிர். இந்த வருஷம் இந்தப் பாறையில் கட்டியது அடுத்த வருஷம் எங்கே கட்டுமோ? நிலையில்லாத ஒன்றை மருமகனுக்குச் சீதனமாகக் கொடுப்பார்களா?

இங்கேதான் விஞ்ஞானிகள் வருகிறார்கள்.

கோனிகர் தம்பதி என்ற ஜேர்மன் ஆய்வாளர்கள் இலங்கையில் மலைத்தேனீயை ஆராய்ந்து 1980இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மலைத்தேனீக்கள் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பூக்காலம் மாற மாற, தாழ்ந்த நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே கூட்டமாக இடம்பெயர்கின்றன. பழைய கூடு வெறும் மெழுகாக நின்றுவிடும்.

போன ஈக்கள் திரும்பி வருமா? வந்தால், வருகிறவை அதே ஈக்களா, வேறு ஈக்களா? இந்தியாவில் சில ஆய்வாளர்கள் ஈக்களின் மரபணுவைச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் புறப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் ஈக்களை எடுத்தார்கள். பல மாதம் கழித்து அதே இடத்துக்கு வந்த கூட்டத்திலிருந்தும் எடுத்தார்கள். ஒப்பிட்டார்கள். பழைய இராணியே தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. இந்த முடிவு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது.

வேலை செய்கிற ஈக்களின் ஆயுள் சில கிழமைகள்தான். போன ஈக்களில் பெரும்பாலானவை திரும்பி வரும் முன்பே இறந்திருக்கும். அப்படியும் அந்தக் கூட்டம் தன் பழைய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. எப்படி என்று நீ பெரியவனாகி, பெரியவளாகி ஆராய்ந்து சொல்லேன்.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா? ஈக்கள் அதே இடத்துக்கு வரும் என்பதை வேடர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருந்தார்கள். அதனால்தான் பாறைக்கு உரிமை என்ற பழக்கம் பொருளுள்ளதாயிற்று. இன்று ஈக்களை எரித்துவிட்டால் நாளை என் மகளுக்கும் மருமகனுக்கும் தேன் கிடையாது. உரிமை இருந்த இடத்தில் பொறுப்பும் இருந்தது.

மரபணுச் சோதனை 2000இல் வந்தது. பாறையைக் கைமாற்றுகிற வழக்கமோ அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பார்ப்பது, மறுபடி பார்ப்பது, நினைவில் வைப்பது, பிள்ளைக்குச் சொல்வது. இதுவும் அறிவியல்தான், கண்ணே.

புகை என்ன செய்கிறது?

இந்தப் பகுதியைத் தோட்டத்துப் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

கொழுந்து பறிக்கும் மலையில் குளவி கலைந்தது, தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் என்று செய்தி வருகிறது அல்லவா? நாம் குளவி என்று சொல்வது சில சமயம் உண்மையான குளவி. பல சமயம் இந்த மலைத்தேனீ.

தேனீ கொட்டும்போது அதன் கொடுக்கு நம் தோலில் மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு மணம் கிளம்பும். ஐசோபென்டைல் அசிட்டேட் என்ற பொருள் அதில் இருக்கிறது. பழுத்த வாழைப்பழத்திலும் உள்ள மணம் அது. பள்ளிக்கூட மணி அடித்ததும் எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுகிறதே, அப்படி அந்த மணம் பட்டதும் கூட்டத்து ஈக்கள் எல்லாம் எழுந்துவிடும். ஒரு கொடுக்கு விழுந்த இடத்தைத் தேடி மற்றவையும் வரும்.

இப்போது புகை. மணி அடிக்கும்போது பக்கத்தில் பெரிய இரைச்சல் இருந்தால் மணிச் சத்தம் கேட்காது. புகை அந்த எச்சரிக்கை மணத்தை அமுக்கிவிடுகிறது. அதோடு, காட்டுத்தீ வருகிறது என்று நினைத்து ஈக்கள் தேனை வயிறு நிறையக் குடிக்கத் தொடங்கும். சண்டைக்கு வருவது குறையும்.

வேடர் புகை கொண்டு போன காரணம் புரிந்ததா? ஆனால் பரம்பரையாகப் பழகியவர்களுக்கே அது ஆபத்தான வேலை. நீ ஒருநாளும் செய்து பார்க்கக் கூடாது. எனக்கு வாக்குக் கொடு.

கூடு கலைந்தால் என்ன செய்வது? கையை வீசாதே. முகத்தை மூடிக்கொண்டு ஓடு. லயத்து வீட்டுக்குள்ளோ கொழுந்து மடுவத்துக்குள்ளோ போய்க் கதவைச் சாத்து. கொடுக்குகளைத் தாமதிக்காமல் சுரண்டி எடுக்கச் சொல். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ, நிறையக் கொட்டியிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கூட்டுக்குக் கல்லெறிவது விளையாட்டல்ல. தேன் பருந்து கூட்டைத் தாக்கினாலும் கலையும். அதனால் எந்த மரத்தில், எந்தப் பாறையில் கூடு இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பது உயிரைக் காக்கும்.

கூட்டை எரித்துவிட்டால் தொல்லை ஒழியுமே என்று சிலர் சொல்வார்கள். காட்டு மரங்கள் பலவற்றுக்கு மகரந்தம் சுமப்பது இந்த ஈக்கள்தான். ஈ போனால் காய் குறையும். காய் குறைந்தால் பறவை குறையும். மலைத்தேனீ வந்து தங்கும் காலத்தை அறிந்து, அந்த மூலைக்குப் போகாமல் ஒதுங்கி நடப்பதே நல்ல வழி.

தேனுக்குள் இறைச்சி

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660 முதல் 1679 வரை கண்டி அரசனின் நாட்டில் கைதியாக இருந்தார். தப்பிப் போய் 1681இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வேடர்களைப் பற்றியும் அதில் எழுதினார். மரப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை அதற்குள் நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். உணவு இல்லாத காலத்துக்கு அது சேமிப்பு.

குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் இறைச்சி கெடாமல் இருந்தது எப்படி? சொல்கிறேன்.

உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை வாழத் தண்ணீர் வேண்டும். தேனில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்றது பெரும்பாலும் சீனி. அந்தச் சீனி கிருமியின் உடம்பிலிருக்கும் நீரையே வெளியே இழுத்துவிடும். தேனில் புளிப்பும் உண்டு. தேனீ சேர்க்கும் ஒரு நொதியால் ஐதரசன் பெரொட்சைட்டும் கொஞ்சம் உண்டாகிறது. அதுவும் கிருமிக்கு ஆகாது.

வேடருக்குக் கிருமி என்ற சொல் தெரிந்திருக்கத் தேவையில்லை. தேனில் போட்டது கெடவில்லை என்பதை அவர்கள் பார்த்தார்கள். களிமண்ணால் மூடவும் வேண்டும் என்பதைக் கண்டார்கள். ஏன் என்பதற்கு விடை பின்னால் வந்தது.

நெல்லி மரமும் புல்லுருவியும்

ஊவாவின் காய்ந்த பக்கத்தில், பிபிலை, நில்கலைப் பகுதிகளில், புல்வெளியும் மரமும் கலந்த காடு இருக்கிறது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் அங்கே காட்டு மரங்களாகவே நிற்கின்றன. திரிபலா சூரணத்துக்கு வேண்டிய மூன்றும் ஒரே காட்டில்!

காட்டு நெல்லியைப் பற்றி ஒரு நல்ல பாடம் தென்னிந்தியாவிலிருந்து கிடைக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே சோலிகர் என்ற காட்டு மக்கள் நெல்லிக்காய் பறித்து விற்பார்கள். நெல்லி மரங்கள் நலிந்து வந்தன. அதிகமாகப் பறிப்பதால்தானே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

சோலிகப் பெரியவர்கள் வேறொரு காரணம் சொன்னார்கள். "புல்லுருவி ஏறிவிட்டது. அதைப் பாருங்கள்" என்றார்கள்.

புல்லுருவியைப் பார்த்திருப்பாய். மரக்கிளையில் இன்னொரு செடி முளைத்து நிற்கும். அதன் வேர் மண்ணுக்குப் போகாது. கிளைக்குள்ளே புகுந்து மரத்தின் நீரை உறிஞ்சும். சின்னக் குருவிகள் பழத்தைத் தின்று, ஒட்டும் விதையைக் கிளையில் விட்டுவிடும்.

ஆய்வாளர்கள் மரங்களை அளந்து பார்த்தார்கள். புல்லுருவி நெல்லியைப் பெரிதும் கெடுப்பது உண்மைதான் என்று 2010இல் எழுதினார்கள். முன்னே காலம் பார்த்துச் சிறிய தரைத்தீ வைப்போம், அது புல்லுருவியை அடக்கியது, இப்போது தீ தடைசெய்யப்பட்டதால் அது பெருகிவிட்டது என்பது சோலிகரின் விளக்கம்.

இங்கே கொஞ்சம் நில். நம் ஊவா மலைகளில் கோடையில் மானாப்புல்லுக்கு யாரோ நெருப்பு வைத்துவிட்டுப் போகிறார்களே, அது சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. சோலிகர் சொல்வது காலமும் காற்றும் புல்லின் உயரமும் தெரிந்தவர் வைத்த சிறிய தீ. அதுவும் அவர்கள் காட்டுக்கு, அவர்கள் அறிந்த முறையில். நம் மலையில் வீசி எறிகிற தீக்குச்சி கன்றுகளையும் ஊற்றுக்கண்ணின் நிழலையும் சேர்த்து எரித்துவிடும். அறிவு என்பது இடத்தோடு ஒட்டியது. ஓரிடத்துப் பழக்கத்தைத் தூக்கி இன்னோரிடத்தில் வைத்துவிட முடியாது.

நெல்லிக்காயை எல்லாம் பறித்துவிடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. புள்ளிமான் விழுந்த காயைத் தின்னும். பிறகு நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பும். மான் துப்பிய இடத்தில் புது நெல்லி முளைக்கும்.

பாம்பைத் தெரிந்தவர்கள்

தமிழ்நாட்டில் இருளர் என்ற மக்கள் இருக்கிறார்கள். தரையில் விழுந்த தடத்தைப் பார்த்தே பாம்பு எந்தப் பொந்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒருகாலத்தில் பாம்புத்தோல் விற்றுப் பிழைத்தார்கள். 1972இல் இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் வந்தது. பிழைப்பு நின்றுபோயிற்று.

1978இல் சென்னைக்குப் பக்கத்தில் இருளர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இப்போது அவர்கள் பாம்பைப் பிடிப்பார்கள். நஞ்சை எடுப்பார்கள். மறுபடியும் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள். பாம்பும் பிழைத்தது, மனிதரும் பிழைத்தார்கள்.

இலங்கை ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் மருந்து இந்தியாவிலிருந்துதான் வருகிறது. தேயிலைச் செடிக்கு அடியில் கடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்தவர் எவருடைய உயிருக்கும் பின்னால் ஓர் இருளர் கை இருந்திருக்கலாம்.

2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

காட்டுக்கு எல்லை போட்டபோது

மறுபடி தம்பானைக்கு வருவோம். இது கொஞ்சம் வருத்தமான பகுதி. உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மகாவலித் திட்டத்தில் பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். அவற்றுக்கு நீர் வரும் காடுகளையும் யானைகளையும் காக்க, 1983 நவம்பர் 9இல் மதுறு ஓயா தேசியப் பூங்காவை அறிவித்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வேடர்கள் வேட்டையாடிய காடும் தேன் எடுத்த பாறைகளும் அந்த எல்லைக்குள் போய்விட்டன. பல குடும்பங்கள் ஹெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்குப் போயின. திஸாஹாமி பெரியவர் தம்பானையை விட்டுப் போக மறுத்துவிட்டார். 1996இல் அவருடைய மகன் ஜெனீவாவுக்குப் போய், ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்தில் தம் மக்களின் குறையைச் சொன்னார்.

காட்டுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்? மகனுக்குத் தகப்பன் கொடி முறுக்கக் காட்ட முடியாது. எந்தப் பாறைக்கு எந்த மாதம் ஈ வரும் என்று பேத்திக்குச் சொல்ல முடியாது. புத்தகத்தில் எழுதாத அறிவு ஒரு தலைமுறை நின்றுபோனால் திரும்பக் கிடைக்காது.

காட்டைக் காக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அந்தக் காட்டை அறிந்தவர்களையும் காவலில் சேர்த்துக்கொண்டால் காடு இன்னும் நன்றாகக் காக்கப்படும் என்பது என் உறுதியான எண்ணம். ஆதிக்குடிகளின் உரிமைகளை ஐக்கிய நாடுகள் சபை 2007இல் ஒரு பிரகடனமாகவே வெளியிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 9 அவர்களுக்கான நாள்.

பெரியவர்கள் சொன்னால் எல்லாம் சரியா?

நீ கெட்டிக்காரப் பிள்ளை. இதைக் கேட்பாய் என்று தெரியும்.

எல்லாம் சரியாகிவிடாது. அழுங்கின் செதில் மருந்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தச் செதில் கெரட்டின் என்ற பொருளால் ஆனது. உன் நகமும் அதே கெரட்டின்தான். அதில் மருந்து இல்லை. அந்த நம்பிக்கையால் உலகமெங்கும் அழுங்குகள் கொல்லப்படுகின்றன. கேட்கும்போது மரியாதையாகக் கேட்க வேண்டும். கேட்டதைச் சோதித்தும் பார்க்க வேண்டும். சோதனையில் நின்றதை வைத்துக்கொள். நிற்காததை விட்டுவிடு.

உனக்கு ஒரு வேலை

காட்டறிவு தம்பானையில் மட்டும்தான் இருக்கிறதா? உன் லயத்திலும் இருக்கிறது. கொழுந்து பறித்துவிட்டு வரும்போது உன் அப்பாயி மடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கொண்டுவருவாரே, அவை எங்கே முளைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தூதுவளையை எந்த நோய்க்குக் கொடுப்பார்? எந்த ஊற்று கோடையிலும் வற்றாது? எந்தப் பறவை கத்தினால் மழை வரும் என்கிறார்?

ஒரு கொப்பி எடு. இப்படி எழுது.

செடியின் அல்லது விலங்கின் பெயர். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. பக்கத்தில் படம் வரை. யார் சொன்னார், எந்த மாதம் என்று குறி. பிறகு இரண்டு பத்தி போடு. ஒன்றில் 'கேட்டது'. மற்றதில் 'நானே பார்த்தது'. மழைப்பறவை கத்தினால் அன்றைய தேதியைப் போடு. மழை வந்ததா, இல்லையா? ஒரு வருஷம் விடாமல் குறித்தால் உன் கையில் ஓர் ஆய்வே இருக்கும்.

மூன்று விதிகளை மறக்காதே. தெரியாத இலையையும் காயையும் வாயில் வைக்காதே. பெரியவர் துணையில்லாமல் காட்டுக்குள்ளும் பாறைப் பக்கமும் போகாதே. அரிய மூலிகை நிற்கும் இடத்தை முன்பின் தெரியாதவருக்குச் சொல்லாதே. வல்லப்பட்டை மரத்தை வெட்டிக் கடத்துகிறவர்களைப் பற்றிச் செய்தியில் கேட்டிருப்பாய். அவர்களுக்கு வேண்டியது அந்த இடம் மட்டும்தான்.

கொப்பி நிரம்பியதும் உன் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டு. அப்பாயி சொன்னதையெல்லாம் அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டு. பிழை இருந்தால் திருத்துவார். விட்டுப்போனது நினைவு வந்தால் சேர்த்துச் சொல்வார். முதல் பக்கத்தில் உன் பெயருக்கு மேலே அவர் பெயரை எழுது. அந்த அறிவு அவருடையது.